தலையணைக்காரரின் முதல் இரண்டு வரி

“என்னைத் திருடின்னு சொல்ற பதிவை நானே எழுதித் தரணுமா சார்?”

“வேற யாரு எழுதுவா? எனக்கு எழுத வந்தா உன்னை எதுக்கு வேலைக்கு...”

“ஆங்! எழுத வராதுன்னு ஒத்துக்கறீங்க!”

“பேச்சை மாத்தாதே. ‘துரோகம்’னு ஆரம்பி. பக்கத்துல ஆச்சரியக்குறி மூணு போடு.”

“மூணு போட்டா ஒருத்தரும் உள்ளே வரமாட்டாங்க சார். வாசல்லயே நாயைக் கட்டி வெச்ச மாதிரி இருக்கும்.”

“திருடிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா நீ?”

“நான் திருடலை. ஆனா அந்த முதல் வரி மோசம்தான்!”

இரண்டு பேரும் ஒரே மூச்சில் கத்தியதில் யார் முதலாளி, யார் சம்பளக்காரர் என்பதே குழம்பிப் போயிற்று. மூலை சோபாவில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையைத் திருப்பியே கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளையாக அது தலையணைக் கம்பெனி. கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று அந்த அறையில் உட்கார இடமில்லாமல் தலையணைகள். கைக்குக் கிடைத்த ஒன்றைக் கழுத்துக்குக் கொடுத்துக்கொண்டு சண்டையை வசதியாகப் பார்க்கத் தொடங்கினார்.

அவருடைய மாமியார் மட்டும் ஒரு தலையணையும் வேண்டாமென்று மர ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துப்பறியும் நிறுவனம் மாமியாருடையது. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனிக்குப் பூட்டுப் போட்ட அன்றைக்கு, “வீட்ல சும்மாதானே இருக்கீங்க, என் பையைத் தூக்கிக்கிட்டு வாங்க மாப்பிள்ளை” என்று கூப்பிட்டவர். அன்றைக்குத் தூக்கிய பையை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. மாமியார் முதலாளி, மருமகன் உதவியாளர். வீட்டிலும் அதே ஏற்பாடுதான், சம்பளம் மட்டும் கிடையாது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க” என்றார் மாமியார். “எனக்கு முதல்லேர்ந்து சொல்லுங்க.”

முதலாளிதான் சொன்னார். உத்தியோகம் பார்க்கிறவர்களும் கம்பெனி நடத்துகிறவர்களும் கோட்டு மாட்டிய படத்தோடு உலவுகிற தளம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் அவர் பெரிய ஆள். தினம் காலையில் ஒரு பதிவு. தன் வாழ்க்கை, தான் விழுந்தது, எழுந்தது, அதிலிருந்து கற்றுக்கொண்டது. ஊரெல்லாம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையணை வாங்கும். அந்த விழுந்ததையும் எழுந்ததையும் மூன்று வருஷமாக எழுதித் தருகிறவள்தான் எதிரில் நிற்கிற இந்தப் பெண். அலுவலகத்தில் எல்லோருக்கும் இவள் டிராஃப்ட் அக்கா.

“ஒரு மாசமா மேடம்,” முதலாளி மேஜையைத் தட்டினார். “நான் காலைல போடப் போற பதிவை, ரெண்டு தெரு தள்ளிக் கடை வெச்சிருக்கிற கட்டில்காரன் முந்தின நாள் சாயங்காலமே போட்டுடறான். வரிக்கு வரி! என் பதிவு வெளியே வர்றதுக்கு முன்னாடி இந்த உலகத்துல அதைப் பாக்கறவங்க ரெண்டே பேர். நான் ஒருத்தன், இவ ஒருத்தி. நான் எனக்கே துரோகம் பண்ணுவேனா?”

“அந்தக் கட்டில்காரர் பதிவை முதல்ல பாத்துட்டு வந்து சொன்னதே நான்தான்!” என்றாள் டிராஃப்ட் அக்கா.

“அதான் சொல்றேன். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“இது நல்லா இருக்கே. வீடு எரியுதுன்னு கத்தினவ கையில தீப்பெட்டி தேடற மாதிரி.”

“இவங்க நல்லாப் பேசறாங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

“பேசாம இருங்க மாப்பிள்ளை.”

முதலாளியின் திட்டம் இதுதான். அன்று சாயங்காலம் அலுவலகம் மூடுகிற நேரத்துக்கு, இந்தத் துரோகத்தைப் பற்றியே உருக்கமாக ஒரு பதிவு. கடைசி வரியில், ‘தனியார் துப்பறிவாளர் ஒருவரும் இதை உறுதி செய்தார்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் மாமியாரைக் கூப்பிட்டிருக்கிறார்.

“உறுதி செய்யணும்னா நான் முதல்ல கண்டுபிடிக்கணுமே” என்றார் மாமியார்.

“கண்டுபிடிச்சுக்கங்க மேடம், சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. பதிவு போறது போறதுதான்.”

டிராஃப்ட் அக்காவின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக இறங்கியது. “சார், எனக்கு அடுத்த வேலைன்னு ஒண்ணு கிடைச்சா அதுவும் அந்தத் தளத்துலதான் கிடைக்கணும். நீங்க பேர் போடலைன்னாலும் உங்களுக்கு எழுதறது யாருன்னு இந்தத் தொழில்ல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நாளைக்குக் காலைலேர்ந்து ஒருத்தர் என்னை நம்பி ஒரு வரி தருவாங்களா?”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ எழுத மாட்டேன்னா போ. நானே எழுதிக்கறேன். எனக்கும் வரும்.” கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு, பரீட்சையில் விடை ஞாபகம் வந்த பையன் மாதிரி முகம் மலர்ந்தது. “‘வலது கை என்று நம்பினேன். அந்தக் கை என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.’ எப்படி?”

டிராஃப்ட் அக்கா அந்த வரியை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கு சார்” என்றாள், வேண்டாவெறுப்பாக. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது யாருடைய கை என்று உறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

முதலாளி கைப்பேசியை எடுத்து டொக் டொக்கென்று தட்டினார், பைக்குள் போட்டுக்கொண்டார். மாமியார் ஸ்டூலிலிருந்து எழுந்து டிராஃப்ட் அக்காவிடம் கையை நீட்டினார்.

“உங்க போன் என்கிட்ட இருக்கட்டும்மா. சாயங்காலம் தர்றேன். உங்க மேஜை எங்க இருக்கு?”

*

அவள் மேஜை, பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. தும்மல் வந்தது மாப்பிள்ளைக்கு. துக்கம் வந்தது அவளுக்கு. இரண்டையும் சட்டை பண்ணாமல் மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

“படிங்க மாப்பிள்ளை, சத்தமா. முதல்ல கட்டில்காரர் போட்டது, அப்புறம் இங்க வந்தது.”

அதுதான் அவர் பழக்கம். எழுத்தைக் கண்ணால் பார்த்தால் நம்பமாட்டார், காதால் கேட்க வேண்டும். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கட்டில்காரர்: ‘அப்பா என் கையை விட்ட நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடுத்தெருவில் நான் தனியாக நின்றேன். காரணம், நாங்கள் இருவரும் தூக்கி வந்த கட்டில் அவ்வளவு கனம். அன்றே முடிவு செய்தேன், எடை குறைந்த கட்டில்தான் இந்த நாட்டின் எதிர்காலம்.’” நிமிர்ந்தார். “அத்தை, அப்பா விட்டது கையையா, கட்டிலையா?”

“அடுத்தது.”

“நம்ம முதலாளி: ‘அப்பா என் கையை விட்ட நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடுத்தெருவில் நான் தனியாக நின்றேன். நின்றேன் என்பது பொய், சைக்கிளோடு சாக்கடையில் கிடந்தேன். மறுநாள் அப்பா என் முழங்கை இரண்டிலும் தலையணையைக் கட்டி மறுபடியும் ஏற்றிவிட்டார். விடுவதற்கு முன்னால் விழுவதற்கு ஏற்பாடு செய்கிறவர்தான் நல்ல ஆசிரியர்.’” மாப்பிள்ளை அந்தக் கடைசி வரியை மறுபடி ஒரு தடவை பார்த்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கீங்கக்கா.”

“இன்னொரு ஜோடி” என்றார் மாமியார்.

இன்னொரு ஜோடியில் ஒரு மகள் வந்தாள். ‘என் மகள் கேட்ட ஒரே கேள்வியில் என் கம்பெனியே ஆடிப்போனது. பதில் தெரியாமல் விழித்தேன்.’ இரண்டு பதிவிலும் அதுவரைக்கும் ஒன்றே. பிறகு தலையணைக்காரரின் மகள், தலை உருண்டையாக இருக்கும்போது தலையணை ஏன் சதுரமாக இருக்கிறது என்று கேட்டாள். கட்டில்காரரின் மகள், கட்டிலுக்கு அடியில் ஏன் இவ்வளவு தூசி என்று கேட்டாள்.

மாமியார் கண்ணைத் திறந்தார்.

“வரிக்கு வரின்னாரே உங்க முதலாளி. வரிக்கு வரி எங்க இருக்கு? முதல் ரெண்டு வரி வரைக்கும் ஒரு குரல். அங்கேர்ந்து வேற ஆள் பேசறார்.”

டிராஃப்ட் அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். “ஆமா! நான் முதல் ரெண்டு வரியைப் பாத்ததுமே ரத்தம் கொதிச்சு மூடிடுவேன். முழுசாப் படிச்சதே இல்ல.”

“அதென்ன, எல்லாத்துலயும் சரியா ரெண்டு வரி?”

“அவ்வளவுதான் வெளியே தெரியும் அம்மா. அதுக்குக் கீழே ‘மேலும் படிக்க’ன்னு சின்னதா இருக்கும். தட்டினாத்தான் மிச்சம் திறக்கும். அதைத் தட்ட வைக்கிறதுதான் என் பொழைப்பே. முதல் வரியில ஒரு கொக்கி போடணும். ரெண்டாவது வரியில அவங்களை அந்தரத்துல விட்டுடணும். அறிவுரை சொல்ற மாதிரி ஆரம்பிச்சா ஓடிடுவாங்க. எங்கேயாவது விழுந்த மாதிரி ஆரம்பிச்சா நின்னு பாப்பாங்க.”

“தெருவுலயும் அதே கதைதானே” என்றார் மாப்பிள்ளை. “நடந்து போறவனை யாரு பாக்கறா?”

“அப்போ பாருங்க மாப்பிள்ளை. இந்தப் பொண்ணு வித்திருந்தா முழுப் பதிவையும் வித்திருப்பா. இவ கம்ப்யூட்டரைத் திறந்து யாராவது எடுத்திருந்தாலும் முழுசும் கிடைச்சிருக்கும். சைக்கிள், சாக்கடை, முழங்கையில தலையணை, இவ்வளவு நல்ல சரக்கை விட்டுட்டுக் கட்டில் கனம்னு ஒருத்தர் ஏன் எழுதணும்?”

“தவணையில வாங்கியிருப்பாரோ அத்தை? முதல் தவணை மட்டும் கட்டிட்டு...”

“அவருக்கு அதுக்கு மேல கிடைக்கலை.” மாமியார் திரையைக் காட்டினார். “உங்க முதலாளியோட அப்பா பதிவுக்குக் கீழே இருக்கே, அதெல்லாம் என்ன?”

“படிச்சவங்க போட்ட கருத்து.”

“அதையும் படிங்க.”

மாப்பிள்ளை படித்தார். “‘ஆழ்ந்த இரங்கல் சார்.’ ‘அப்பாக்கள் மறைவதில்லை.’ ‘தைரியமாக இருங்கள், அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.’” நிறுத்தினார். “சாக்கடையில விழுந்ததுக்கா இரங்கல்? இதோ கடைசியா ஒண்ணு, ‘நான் இருக்கேன்டா.’ யாருக்கா இது?”

“முதலாளியோட அப்பா” என்றாள் டிராஃப்ட் அக்கா. அந்தக் கஷ்டத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த இரங்கல் கோஷ்டி வேற பதிவுலயும் வருமா?”

“எல்லாத்துலயும் இவங்கதான் முதல்ல. பதிவு போட்டுக் கை எடுக்கறதுக்குள்ள வந்துடுவாங்க. அது ரொம்ப முக்கியம் அம்மா. முதல் ஒரு மணி நேரத்துல நிறைய பேர் வந்து விருப்பம் போட்டு ரெண்டு வார்த்தை எழுதினாத்தான், தளம் அதை மத்தவங்க கண்ணுக்கும் கொண்டுபோகும். எத்தனையோ பேர் நல்லா எழுதிட்டு ஈ ஓட்டிட்டு இருக்காங்க. சாருக்கு அந்த விஷயத்துல ஒரு ராசி.”

“ராசி” என்றார் மாமியார். கைப்பையைத் தூக்கி மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். “வாங்க, கட்டில் வாங்கப் போலாம்.”

*

போகிற வழியில் மாப்பிள்ளை கேட்டார், “அத்தை, எனக்கு ஒண்ணு புரியலை. அந்தக் கோஷ்டியும் ரெண்டு வரிக்கு மேல படிக்கலை. கட்டில்காரரும் ரெண்டு வரிக்கு மேல எடுக்கலை. இந்த ஊர்ல யாருமே மூணாவது வரி படிக்கிறதில்லையா?”

“நான் சொல்றதையே நீங்க ரெண்டு வரிக்கு மேல கேட்டதில்லையே மாப்பிள்ளை.”

“என்னத்தை?”

“அதான்.”

கட்டில் கடை நீளமாக, ஆளில்லாமல் இருந்தது. வரிசையாக விரித்த கட்டில்களில் கடைசிக் கட்டிலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுத்துக் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கட்டில்காரர் அவரேதான். வயிறும் மீசையும் பெரிசு. திருடன் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம் தருகிற முகம்.

“வாங்க, வாங்க! படுத்துப் பாருங்க. படுக்காம கட்டில் வாங்கக் கூடாது.”

மாமியார் ஒரு கட்டிலில் விளிம்போடு உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு இரண்டாவது அழைப்பு தேவைப்படவில்லை, நன்றாகவே படுத்துவிட்டார்.

“உங்க பதிவெல்லாம் படிச்சேன்” என்றார் மாமியார். “அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி நல்லா இருந்துது. பொண்ணு என்ன படிக்கறா?”

கட்டில்காரர் நெளிந்தார். “எனக்குப் பொண்ணே இல்லம்மா. ரெண்டும் பசங்க. வரியில ‘மகள்’னு வந்துச்சு, மாத்த மனசு வரலை.”

“வரியில வந்துச்சா?”

“சொன்னா சிரிப்பீங்க.” சுற்றும் முற்றும் பார்த்தார். கட்டில்களைத் தவிர யாருமில்லை. “எனக்கு ஆரம்பிக்க வராதுங்க. ஆரம்பிச்சுக் குடுத்தா அடிச்சு ஓட்டிடுவேன். ஏதோ ஒரு புண்ணியவான், மதிய நேரம் பாத்து தினமும் ரெண்டு வரி அனுப்பறார். இலவசமா! போன்ல மேல ஒரு பட்டை மாதிரி வந்துட்டுப் போகும் பாருங்க, அதுலயே படிச்சுடுவேன். மிச்சத்தை நிரப்பிச் சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவேன். எழுத்துப் பயிற்சி குடுக்கற குரூப்னு நினைக்கறேன்.”

“அவரும் அதே வரியை வெச்சு மறுநாள் போடறாரே, பாத்ததில்லையா?”

“எவரு?”

“தலையணைக் கம்பெனி முதலாளி.”

“அம்மா, நான் அங்க எழுதறவன். படிக்கறவன் இல்ல.”

மாப்பிள்ளை படுத்தபடியே, “நியாயம்தான், தையல்காரர் எல்லார் சட்டையையுமா போட்டுப் பாக்கறார்” என்றார்.

“ஆனா இன்னைக்கு வந்த வரி சோதிக்குதுங்க. அது வந்ததுலேர்ந்து முழிக்கறேன். கட்டிலை எங்க நுழைக்கிறதுன்னே தெரியலை.” கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். “‘வலது கை என்று நம்பினேன். அந்தக் கை என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.’ கைக்கும் கட்டிலுக்கும் என்னங்க சம்பந்தம்? தலையணைன்னாலாவது, கையைத் தலைக்கு வெச்சுப் படுத்தேன்னு ஏதாவது...”

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டார். தூக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்த வரி பிறந்து இன்னும் சூடு ஆறவில்லை. அது டிராஃப்ட் அக்கா எழுதியதே இல்லை. முதலாளி வாயிலிருந்து, மாப்பிள்ளையின் கண்ணெதிரில் வந்தது. அவள் கைப்பேசி மாமியாரின் பையில். பை அவர் மடியில்.

“அத்தை!”

“தெரியுது மாப்பிள்ளை. பதறாதீங்க.” கட்டில்காரரிடம் திரும்பினார். “அந்தப் பட்டையில வர்றதை என்னைக்காவது உள்ளே போய்ப் பாத்திருக்கீங்களா?”

“எதுக்கு? ரெண்டு வரிதான் வந்துடுதே.”

“ஒரு தடவை போய்ப் பாருங்களேன், எனக்காக.”

கட்டில்காரர் தட்டினார். படிக்காமல் கிடந்த செய்திகள் மலையாகக் குவிந்திருந்தன. மேலே குரூப்பின் பெயர், ‘வளர்ச்சி வட்டம்’. அன்றைய இரண்டு வரிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டு இன்னும் எழுதியிருந்தது. அவர் சத்தமாகப் படிக்கப் படிக்கக் குரல் மெலிந்துகொண்டே வந்தது.

“‘நண்பர்களே, இது இன்று மாலை வருகிறது. வழக்கம் போல முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் வந்து விருப்பம் போட்டு, உருக்கமாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகவும். உங்கள் பதிவுகளுக்கு நானும் தவறாமல் வருவேன்.’” மீசையைத் தடவினார். “அப்போ இது பயிற்சி இல்லையா?”

“விருந்துக்குக் கூப்பிட்ட பத்திரிகைங்க” என்றார் மாப்பிள்ளை. “நீங்க பத்திரிகையைக் கிழிச்சு விருந்து வெச்சிருக்கீங்க. எண் என்னன்னு காட்டுங்க.” அந்த எண்ணைத் தன் கைப்பேசியில் தட்டினார். காலையில் சேமித்து வைத்த பெயர் வந்து நின்றது. தலையணை சார்.

“உங்களை யாரு இதுல சேர்த்தது?” என்றார் மாமியார்.

“ஒரு பொருட்காட்சில எல்லார்கிட்டயும் கார்டு குடுத்தேன். மறுநாளே யாரோ சேர்த்திருந்தாங்க. ஐயோ அம்மா, நான் திருடனாயிட்டேனா?”

“நீங்க திருடலை. அவரே கொண்டுவந்து கையில குடுத்திருக்கார். இன்னைக்கு வரியை மட்டும் போடாதீங்க.”

“சரிம்மா.” கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ இன்னைக்கு என்னத்தை எழுதறது?”

“நடந்ததை எழுதுங்க” என்றார் மாப்பிள்ளை.

“எழுதலாம். முதல் ரெண்டு வரி?”

*

திரும்பி வந்தபோது முதலாளி, பதிவை எழுதி முடித்து விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிராஃப்ட் அக்கா சொந்தச் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி வாசற்படியிலேயே வைத்திருந்தாள்.

“உறுதியா மேடம்?” என்றார் முதலாளி.

“உறுதி. திருடனைப் பாத்துட்டோம்.”

“சொன்னேனா!”

“இவங்களை உள்ளே வரச்சொல்லுங்க. நீங்க அந்த விரலை மடக்குங்க. வளர்ச்சி வட்டம்னா என்ன சார்?”

முதலாளியின் முகத்தில் ஒரே நேரத்தில் பல வண்ணங்கள் வந்து போயின. “அது... சும்மா, நண்பர்கள்...”

“அந்த நண்பர்கள்ல கட்டில்காரர் ஒருத்தர்.”

“அவனா? நான் எங்க அவனை...” நிறுத்திக்கொண்டார். பொருட்காட்சியில் வாரிக்கொண்டு வந்த கார்டுகள் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். “நான் யாரு யாருன்னு பாக்கலையே. மொத்தமா சேர்த்தேன்.”

“அவரும் யாரு அனுப்பறாங்கன்னு பாக்கலை. இலவசமா ரெண்டு வரி வருதுன்னு சந்தோஷமா இருந்திருக்கார். ஒரு மாசமா உங்க கையாலயே அவருக்குக் குடுத்துட்டு, இந்தப் பொண்ணோட கையைப் பத்தி எழுதியிருக்கீங்க.”

“எல்லாரும்தான் மேடம் பண்றாங்க! கூப்பிடாம யாரு வருவா? இந்தக் காலத்துல...”

டிராஃப்ட் அக்காவின் முகத்தைப் பார்த்த மாப்பிள்ளைக்கு, விடுதலையானவளின் முகம் இப்படியா இருக்கும் என்று தோன்றியது.

“அப்போ அந்தக் கருத்தெல்லாம்,” என்றாள், “நான் எழுதினதுக்கு வரலையா? நீங்க கூப்பிட்டு வந்ததா? மூணு வருஷமா அதைப் பாத்துப் பாத்துத்தான் சார் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கேன்.”

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார்.

“முதல்ல வந்த கூட்டம் கூப்பிட்டு வந்ததுக்கா. ஆனா நான் அந்தச் சைக்கிளைப் படிச்சேன். என்னை யாரும் கூப்பிடலை.”

அவர் சொன்னதில் கிண்டல் இல்லாததைக் கவனித்து மாமியார் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க மாப்பிள்ளைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அந்தப் பார்வைதான்.

“சரி, விடும்மா” என்றார் முதலாளி, குரலில் வெல்லத்தைப் போட்டு. “தப்பு நடந்துபோச்சு. பதிவை அழிச்சுடறேன். இதோ அழிச்சாச்சு. ஒண்ணும் வெளியே போகலை, ஒருத்தருக்கும் தெரியாது. பெட்டியை உள்ளே கொண்டு வா.”

“வெளியே போகலையா?” என்றார் மாமியார். “குரூப்பைத் திறங்க சார்.”

முதலாளி திறந்தார். மாப்பிள்ளை அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வட்டத்துக்காரர்கள் வழக்கம் போல மூன்றாவது வரிக்குக் காத்திருக்கவில்லை. ‘யாரு சார் அந்த வலது கை? உங்களுக்கு எழுதற அம்மாவா?’ என்று ஒருவர். ‘எனக்கு அப்பவே சந்தேகம்’ என்று இன்னொருவர். ‘எங்க கம்பெனிக்குக்கூட அவங்க விண்ணப்பம் போட்டிருக்காங்க, நல்லவேளை சொன்னீங்க’ என்று மூன்றாமவர்.

டிராஃப்ட் அக்கா அந்த மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

“என் போனைக் குடுங்கம்மா” என்றாள்.

மாமியார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன்” என்றார் முதலாளி அவசரமாக. “‘தவறான புரிதல்’னு.”

“யாரு உள்ளே போய்ப் படிப்பா சார்?” என்றாள் டிராஃப்ட் அக்கா. “தளத்துலதான் போடணும். எல்லாரும் பாக்கற இடத்துல.”

“மன்னிப்புப் பதிவா?” முதலாளி தவித்தார். தலையணை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் தெளிந்தது. “சரி! போட்டுடலாம். மன்னிப்புக் கேக்கற பதிவு நல்லாப் போகும், இல்லையா? நீயே ஒண்ணு எழுதிக் குடும்மா. உருக்கமா. எனக்கு எங்க இதெல்லாம் வருது?”

மாப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

டிராஃப்ட் அக்கா அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். கைப்பேசியில் குனிந்து எழுதினாள். ஒரு இடத்தில் நிறுத்தி அழித்தாள், மறுபடி எழுதினாள். ஒன்று முடிந்தது போலிருந்தது. விரல் நிற்கவில்லை, இன்னொன்று ஆரம்பித்தது. வெளியே அலுவலகத்தில் ஒவ்வொருவராக நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. முதலாளி எட்டி எட்டிப் பார்த்தார். அவள் எழுந்து வந்து கைப்பேசியை அவர் கையில் வைத்தாள்.

அவர் முதல் பதிவைப் படித்தார். ‘மூன்று வருஷமாக என் பெயரில் நீங்கள் படித்த ஒரு வரியும் நான் எழுதியதில்லை. எழுதியவரை இன்று காலை திருடி என்று சொன்னேன்.’ அதற்குக் கீழே நீளமாக, நிதானமாக, அவர் குரலிலேயே நடந்ததெல்லாம் இருந்தது. விரலால் தள்ளினார். இரண்டாவது வந்தது. ‘மூன்று வருஷமாக ஒருவர் பெயரில் நீங்கள் படித்த ஒவ்வொரு வரியையும் நான்தான் எழுதினேன். இன்று காலை அவர் என்னைத் திருடி என்று சொன்னார்.’

இரண்டையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் தயாரா இருக்கு சார். ஒண்ணு உங்க பேர்ல, ஒண்ணு என் பேர்ல. எது போகட்டும்?”